கலர் பாட்டிலும் ‘மண்ணின் பான’மும்: பொவண்டோவை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

2017ஆம் ஆண்டுச் சல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி, காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோ ‘தமிழரின் பானம்’ என்னும் தகுதியைப் பெற்றது. அத்தகுதி எதன்மேல் எழுப்பப்பட்டது என்பதை இக்கட்டுரை வினவுகிறது. கண்ணாடிப் பாட்டில் கடைக்கும் ஆலைக்கும் இடையே போய்த் திரும்பிய காலத்தில் பானத்தின் வட்டாரத்தன்மை அந்தப் புழக்கத்திலேயே இருந்தது. பாட்டில் திரும்பாத காலத்தில் அது பெயர்ச்சீட்டுக்கு இடம்பெயர்ந்தது என்பதே இதன் வாதம். புதுச்சேரி – கடலூர் எல்லையிலுள்ள சோரியாங்குப்பத்திலிருந்து இவ்வினா எழுப்பப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பொவண்டோ, காளிமார்க், கோலி சோடா, கருப்பொருள், வட்டாரத்தன்மை, சோரியாங்குப்பம்

முன்னுரை

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனுக்கு உட்பட்ட சோரியாங்குப்பம் தென்பெண்ணையாற்றின் வடகரையில் அமைந்த ஊர். ஆற்றைக் கடந்தால் கடலூர் மாவட்டம். இருகரையிலும் பேச்சு ஒன்று, உறவுமுறை ஒன்று, கொள்வினை கொடுப்பினை ஒன்று. அரசு மட்டும் வேறு. இவ்வூர்ப் பெட்டிக்கடையொன்றில் பொவண்டோ கேட்டால், ‘சின்னதா, பெருசா?’ என்று கேட்கிறார்கள். இருபதாண்டுகளுக்கு முன் இதே கடையில் கேட்கப்பட்ட கேள்வி வேறு: ‘இங்கயே குடிக்கிறியா, எடுத்துட்டுப் போறியா? எடுத்துட்டுப் போனா பாட்டிலுக்குக் காசு வச்சிட்டுப் போ.’ இவ்விரு கேள்விகளுக்கும் இடைப்பட்ட மாற்றமே இக்கட்டுரையின் பொருள்.

பொவண்டோவைப் பற்றி நாளேடுகளிலும் இணைய இதழ்களிலும் வெளிவந்துள்ள எழுத்துகள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்வன. அயல்நாட்டுப் பெருநிறுவனங்கள் வந்தன. உள்ளூர்ப் பானங்கள் அழிந்தன. ஒன்று மட்டும் நின்றது. ஆகவே அது நம்முடையது. கதை பொய்யன்று. ஆயினும் இதில் ‘நம்முடையது’ என்னும் சொல் விளக்கப்படுவதே இல்லை. தமிழ்நாட்டின் பானம் என்றால், தமிழ் பேசியும் தமிழ்நாட்டில் இல்லாத சோரியாங்குப்பத்தார்க்கு அது அயலதா? பழனியப்ப நாடார் தொடங்கிய நிறுவனம் என்பதனால் நம்முடையதா? நம் தண்ணீரில் செய்யப்பட்டது என்பதனாலா? நாம் குடித்து வளர்ந்தோம் என்பதனாலா? இவை மூன்றும் வெவ்வேறு விடைகள்; பொது விவாதம் இவற்றை ஒன்றாகக் குழைத்துவிட்டது.

‘கலர்’ என்னும் சொல்

‘குளிர்பானம்’ எழுத்துத்தமிழின் சொல். பேச்சில் அது ‘கலர்’. நிறமற்றது சோடா, நிறமுள்ளது கலர் என்னும் எளிய பாகுபாடு நெடுங்காலம் புழங்கியது. சுவையோ நிறுவனப் பெயரோ அன்றி, நிறமே பெயராகியது கருதத்தக்கது. சிவப்புக் கலர், மஞ்சள் கலர், கறுப்புக் கலர் என்று கேட்டு வாங்கியவர்க்கு அதை அடைத்தது எந்தக் கம்பெனி என்பது இரண்டாம் செய்திதான். பொவண்டோ அவ்வகையில் கறுப்புக் கலர். திராட்சைச் சாயல் கொண்ட கோலா வகைப் பானம். பெயரை எழுதுவது ஒருவகை, ‘பவண்டோ’ என்று சொல்வது இன்னொருவகை. பொருளறியாத அப்பெயரை யாரும் மொழிபெயர்க்க முயலவில்லை. தனித்தமிழ் ஆர்வலர்களும் அதை விட்டுவைத்திருக்கிறார்கள்.

கலர் அன்றாட உணவன்று. அது விருந்துக்குரியது. பெண்பார்க்க வந்தவர்க்கும், நெடுநாள் கழித்து வந்த தாய்மாமனுக்கும், காய்ச்சல் விட்டு எழுந்த பிள்ளைக்கும் வாங்கப்பட்டது. இக்கட்டுரையாளரின் இளமைக்காலத்தில் வீட்டுக்கு ஆள் வந்தால் கலர் வாங்க ஓடுவது பிள்ளைகளின் வேலை. காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க ஓடுவதும் அவர்களின் வேலையே. பாட்டில் உடைந்தால் அடி விழும், அது கடைக்காரருடையது ஆகையால்.

பொதுவெளியில் இதற்கு வேறொரு வாழ்வும் இருந்தது. அரசியல் மேடையில் தொண்டை கட்டிய பேச்சாளருக்குச் சோடா நீட்டப்படும் காட்சி, திரைப்பட நகைச்சுவை அதை எள்ளி நகையாடும் அளவுக்குப் பழகிப்போன ஒன்று. கூட்டத்தில் கலகம் மூண்டால் பறந்ததும் அதே பாட்டில்தான். சோடா பாட்டில் வீச்சு என்பது தமிழகச் சட்டம் ஒழுங்குச் செய்திகளின் நிலைத்த தொடராக இருந்தது. விருந்து, சொற்பொழிவு, சண்டை என மூன்றிடத்தும் தெருவில் எளிதில் கிடைக்கும் கனத்த கண்ணாடிப் பொருளாக அது இருந்தது என்பதே இங்கு நோக்கத்தக்கது. விஜய் மில்டன் இயக்கிய ‘கோலி சோடா’ (2014) கோயம்பேடு சந்தைச் சிறுவர்களின் கதைக்கு இப்பெயரை வைத்தபோது, அழுத்தி அடைக்கப்பட்டது வெடித்தெழும் என்னும் பொருள் பார்வையாளர்க்கு விளக்கமின்றியே விளங்கியது.

பாட்டில் திரும்பிய தொலைவு

கோலி பாட்டில் தமிழ்நாட்டில் பிறந்ததன்று. ஆங்கிலேயப் பொறியாளர் ஹிராம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி. வாய்ப்புறத்தில் ஒரு ரப்பர் வளையம். தலைகீழாக வைத்து வாயுவேற்றிய நீரை நிரப்பியதும், உள்ளிருக்கும் அழுத்தமே கோலியை வளையத்தோடு அழுத்தி வாயை அடைத்துவிடுகிறது. தக்கை வேண்டா, மூடி வேண்டா. பிரிட்டனில் வழக்கொழிந்த பின்னும் ஜப்பானின் ராமுனேவிலும், வட இந்தியாவின் பண்டாவிலும், நம் சோடாக் கடையிலும் அது தங்கிவிட்டது.

இவ்வடிவத்தின் பொருளியல் எளிது. அதில்தான் வட்டாரத்தன்மையின் வேர் உள்ளது. உள்ளே இருக்கும் நீரும் வாயுவும் மலிவு. பாட்டில் விலை மிகுந்தது. ஆகவே பாட்டில் திரும்பி வந்தாகவேண்டும். திரும்பி வரவேண்டுமென்றால், மிதிவண்டியும் மாட்டுவண்டியும் பின்னர் மூன்றுசக்கர வண்டியும் ஒருநாளில் போய்வரக்கூடிய தொலைவுக்குள் ஆலை இருக்கவேண்டும். ஊருக்கு ஒரு சோடாக் கம்பெனி இருந்ததற்கு உள்ளூர்ப் பற்றைவிட இதுவே காரணம் எனலாம். மதுரைக்கு மாப்பிள்ளை விநாயகர் என்றாற்போல ஊரும் பெயரும் இணைந்து நின்றது, பாட்டில் எவ்வளவு தொலைவு போய்த் திரும்பமுடியும் என்பதன் விளைவு. உலோக மூடியிட்ட கண்ணாடிப் பாட்டில் வந்தபோதும் இந்நிலை மாறவில்லை. இருபத்துநான்கு பாட்டில் கொண்ட பெட்டி நிறைந்து வரும், காலியாகத் திரும்பும்.

காளிமார்க்கின் வரலாற்றை இவ்வெளிச்சத்தில் வாசிக்கவேண்டும். பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் 1916இல் விருதுநகரில் அதைத் தொடங்கினார். பின்னர்க் குடும்பத்தின் கிளைகள் வெவ்வேறு ஊர்களில் ஆலைகளை நடத்தின. 1950களின் இறுதியில் பொவண்டோ அறிமுகமாயிற்று. விருதுநகர் நாடார்களின் வணிக வலைப்பின்னல், உறவின்முறை, மகமை ஆகியன பற்றி ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நூல் முதலாகப் பலவும் பேசப்பட்டுள்ளன. அவற்றை இங்கு மீளச் சொல்லவேண்டியதில்லை. பாட்டிலைத் திருப்பி வாங்கும் தொழில் நம்பிக்கையின்மேல் நிற்பது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். கடைக்காரர் முன்பணம் கட்டி வைத்திருக்கும் காலிப்பெட்டி ஒரு கடனுறவு. மளிகைக்கடைதோறும் இவ்வுறவு பரவியிருந்தமையே பொவண்டோவின் உண்மையான விளம்பரம்.

திரும்பும் பாட்டில் பொதுக்கலம் என்பதும் மறக்கத்தக்கதன்று. தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை வைத்த ஊர்களிலும் ஆலையில் அடைத்து வந்த பாட்டிலை இரண்டாகப் பிரிக்க இயலவில்லை. இன்று ஒருவர் குடித்தது கழுவப்பட்டு நாளை இன்னொருவர் கைக்குப் போகும். யார் குடித்தது என்னும் அடையாளம் அதில் எஞ்சாது. இதனால் கடைவாசலில் யார் எங்கே நிற்கலாம் என்பது மாறிவிட்டது என்று கொள்வதற்கில்லை. வாய்படாமல் அண்ணாந்து குடிக்கும் வழக்கம் தீட்டச்சத்தின் நிழலை அந்தப் பாட்டிலின்மீதும் படரவிட்டே இருந்தது. என்றாலும், கலத்தை வைத்து மனிதரைப் பிரித்த ஒரு சமூகத்தில், பிரிக்கவியலாத கலம் ஒன்று ஊர்தோறும் சுற்றிவந்தது என்பது பொவண்டோ பற்றிய பெருமிதக் கதைகளில் இடம்பெறாத செய்தி. பெருமிதப்பட வேண்டியது ஏதேனும் உண்டென்றால் இதுவே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

தேசம் செய்த பானம்

இந்திய அரசும் ஒருமுறை பானம் செய்து பார்த்தது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் பங்குமுதல் விதிகளை ஏற்காமல் 1977இல் கோக்கோ கோலா வெளியேறியது. அப்போது ஜனதா அரசு, பொதுத்துறையின் மாடர்ன் நிறுவனத்தைக் கொண்டு ‘டபுள் செவன்’ என்னும் பானத்தை இறக்கியது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் அதன் கலவையை உருவாக்கித் தந்தது. ஆண்டின் எண்ணையே பெயராகக் கொண்ட அப்பானம் அந்த ஆட்சியைப் போலவே நீடிக்கவில்லை. சந்தையை எடுத்துக்கொண்டது பார்லேயின் தம்ஸ் அப். 1993இல் கோக்கோ கோலா திரும்பி வந்தபோது பார்லே தன் பானப் பெயர்களை அதனிடமே விற்றது. இன்று தம்ஸ் அப்பை இந்தியப் பானமென்று கருதிக் குடிப்பவர் பலர்.

பெருவின் இன்கா கோலாவும் இவ்வகையினது. 1935இல் லிமாவில் பிறந்து, 1999இல் கோக்கோ கோலா பங்கு வாங்கிய பின்னரும் நாட்டின் பானமாகவே கொண்டாடப்படுகிறது. உடைமை கைமாறினாலும் அடையாளம் கைமாறுவதில்லை என்பதற்கு இவை சான்று. அதன் மறுதலையும் உண்மை: உடைமை உள்ளூரில் இருப்பதாலேயே அடையாளம் உறுதிப்பட்டுவிடாது. காளிமார்க் தன்னை விற்கவில்லை. தமிழர் கையிலேயே நின்றது. அது மதிக்கத்தக்கது. ஆனால் நின்றது எது, நிற்காமல் போனது எது என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு திறனாய்வுக்கு உண்டு.

நீரிலிருந்து பெயருக்கு

குளிர்பான எதிர்ப்பு தென்னிந்தியாவில் பெயரைப் பற்றியதாகத் தொடங்கவில்லை. நீரைப் பற்றியதாகத் தொடங்கியது. கேரளத்தின் பிளாச்சிமடையில் 2000இல் இயங்கத் தொடங்கிய கோக்கோ கோலா ஆலை தங்கள் கிணறுகளை வற்றச்செய்து கெடுத்தது என்று 2002இல் போராட்டத்தில் இறங்கியவர்கள் மயிலம்மா உள்ளிட்ட பழங்குடிப் பெண்கள். 2004இல் ஆலை நின்றது. அவர்கள் கேட்டது குடிநீர். மாற்றுப் பானம் அன்று. தாமிரபரணியிலும் அவ்வாறே. கங்கைகொண்டான் சிப்காட்டிலுள்ள ஆலைகளுக்கு ஆற்றுநீர் வழங்குவதை எதிர்த்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது.

2017 சனவரியில் மெரினா திரண்டது. சல்லிக்கட்டுக்கான போராட்டம் நாட்டுமாடு, நாட்டுவிதை, நாட்டுப்பானம் என விரிந்தது. அதன் தொடர்ச்சியாக வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. மறுநாள், மார்ச் 2 அன்று, தாமிரபரணி வழக்குகளைத் தள்ளுபடி செய்து நீதிமன்றம் தடையை நீக்கியது. அடுத்தடுத்த நாள்களில் நிகழ்ந்த இவ்விரண்டையும் ஒருசேர வைத்து எழுதியவர்கள் குறைவு. கடைத்தட்டில் ஒரு பெயர் இறங்கி இன்னொன்று ஏறிய செய்தி பரவலாகப் பேசப்பட்டது. ஆற்றிலிருந்து நீர் போவது மீண்டும் தொடங்கிய செய்தி அவ்வளவு பேசப்படவில்லை. எதிர்ப்பின் பொருள் நீரிலிருந்து பெயருக்கு நகர்ந்த தருணமாக இதனைக் கொள்ளலாம். ‘யார் எவ்வளவு நீரை எடுக்கலாம்?’ என்னும் கேள்வி, ‘யார் பெயரில் எடுக்கலாம்?’ என்று சுருங்கிவிட்டது. உள்ளூர் ஆலையும் நீரில்தான் ஓடுகிறது என்பதைச் சொல்வது அந்நாள்களில் காட்டிக்கொடுப்பதாகக் கருதப்பட்டிருக்கும்.

அதே ஆண்டு சூலை 1 அன்று சரக்கு சேவை வரி வந்தது. இனிப்பூட்டிய வாயுப் பானங்களுக்கு 28 விழுக்காடு வரியும் 12 விழுக்காடு மேல்வரியும். பன்னாட்டு நிறுவனத்துக்கும் தெருமுனைக் கலர்க் கம்பெனிக்கும் ஒரே விகிதம். சிறுதொழில்களுக்கான இணக்க வரித் திட்டத்திலிருந்தும் 2019 அக்டோபரில் இப்பானங்கள் விலக்கப்பட்டன. உள்ளூர்ப் பானத்தைக் காக்கவேண்டுமென்ற குரல் மிக உயர்ந்து ஒலித்த ஆண்டிலேயே இது நிகழ்ந்தது. வணிகர்கள் மனு கொடுத்தார்கள். மெரினாவில் கூடிய தலைமுறை, கட்டுரையாளரும் அதிலொருவர், வரிவிகிதம் படிக்கும் பொறுமையைப் பெற்றிருக்கவில்லை.

இதற்குள் பாட்டிலும் மாறிவிட்டிருந்தது. நாங்கள் 2017இல் படமெடுத்துப் பகிர்ந்த பொவண்டோ பெரும்பாலும் பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்தது. பிளாஸ்டிக் பாட்டில் எவ்வளவு தொலைவும் போகும், திரும்பவேண்டியதில்லை. நிறுவனத்துக்கு அது விரிவு, கடைக்காரருக்கு இடமிச்சம், வாங்குபவர்க்கு எளிமை. எவரையும் குறைகூறுவதற்கில்லை; திரும்பும் பாட்டிலைக் கட்டிக்கொண்டிருந்தால் அப்பானம் இந்நேரம் நினைவாகவே எஞ்சியிருக்கவும் கூடும். ஆனால் திரும்பும் தொலைவு என்னும் எல்லை அறுந்தபின், அதை வட்டாரத்தோடு கட்டியது பெயர்ச்சீட்டு ஒன்றே. கோக்குக்கும் அதற்கும் இடையே ஆலை முறையாலும் கலத்தாலும் குப்பையாலும் இருந்த வேறுபாடுகள் மறைய மறைய, ‘தமிழ்’ என்னும் அடைமொழி ஓங்கி ஒலிக்கவேண்டியதாயிற்று.

ஆற்றின் இருகரை

‘மண்ணின் பானம்’ என்னும் தொடர், அறிந்தோ அறியாமலோ, திணைக்கோட்பாட்டின் சாயலைக் கொண்டது. தொல்காப்பியம் உணவைக் கருப்பொருளுள் வைக்கிறது. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் நீரையும் தனியே சேர்க்கிறது. கருப்பொருள் நிலத்தைச் சார்ந்து தோன்றுவது. நிலம் மாறினால் அதுவும் மாறும். விருதுநகரில் தோன்றி எந்நிலத்தும் ஒரே சுவையில் கிடைக்கும் அடைபானம் இவ்விலக்கணத்துக்குள் வாராது. அது குற்றமன்று, ஆலைப்பொருளுக்கு அதுவே இயல்பு. கருப்பொருளின் பெருமையை அதற்கு ஏற்றிச் சொல்வதில்தான் சிக்கல்.

சொல்லின் நேர்பொருளில் மண்ணின் பானம் என்று இப்பகுதியில் ஒன்றைச் சுட்டவேண்டுமென்றால் அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் அது தடைசெய்யப்பட்டது. புதுச்சேரியில் உரிமம்பெற்ற கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் உண்டு. ஆக, வடகரையில் சட்டத்துக்கு உட்பட்டது தென்கரையில் குற்றம். நிலம் ஒன்று, மரம் ஒன்று, அரசு இரண்டு. பொவண்டோவுக்கு இத்தடை எதுவுமில்லை. ஆற்றின் இருகரையும் அதற்கு ஒன்றே. உண்மையான கருப்பொருள் எல்லையில் மறிக்கப்பட, கருப்பொருள் அல்லாதது அப்பெயரில் தடையின்றிப் புழங்குகிறது.

புதுச்சேரியின் எல்லையோர ஊர்களில் கலருக்கு இன்னொரு பயனும் வந்துசேர்ந்துள்ளது. மதுவின் விலை குறைவு கருதி அக்கரையிலிருந்து வருவோர் நாள்தோறும் உண்டு. அவர்கள் வாங்கும் சின்னப் பாட்டில் கலர் பெரும்பாலும் பிராந்தியோடு கலப்பதற்கு. விருந்தினர்க்கு வாங்கிய பானம் இங்கே தொடுபொருளாகிவிட்டது. கலப்பதற்கு எது என்று தேர்ந்தெடுக்கையில் தமிழ்ப்பற்று குறுக்கிடுவதாகத் தெரியவில்லை. கையருகே எது குளிர்ந்திருக்கிறதோ அது.

திரும்பாத கோலி

2025 மார்ச்சில் ஒன்றிய வணிகத் தொழில் அமைச்சகத்தின் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம், கோலி சோடாவை ‘கோலி பாப் சோடா’ என்னும் பெயரில் அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா, வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதை இந்திய மரபின் மீட்சியாக அறிவித்தது. லண்டன் உணவுக் கண்காட்சியிலும் அது வைக்கப்பட்டது. ஹிராம் காட்டின் பாட்டில் அவர் நாட்டுக்கே இந்திய மரபாகத் திரும்பிப்போயிருக்கிறது. இதில் நகைப்பதற்கு இடமுண்டு. ஆயினும் பொருளின் தோற்றுவாய் எது என்பது அதன் உரிமையைத் தீர்மானிப்பதில்லை என்பதால் நகைப்போடு நிறுத்திக்கொள்ளலாம். நோக்கவேண்டியது வேறு: லண்டனுக்குப் போன கோலி பாட்டில் திரும்பாது. திரும்புவதற்கென்றே உருவான வடிவம் ஒருமுறை திறந்து பார்க்கும் வேடிக்கைப் பொருளாகிறது. பொவண்டோவில் நாம் கண்ட இடப்பெயர்ச்சியின் இந்திய அளவிலான வடிவம் இது. அங்கே தமிழ் என்னும் அடை. இங்கே இந்தியா என்னும் அடை.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணை திறக்கப்பட்டபோது, தென்பெண்ணை வெள்ளம் சோரியாங்குப்பம் உள்ளிட்ட கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. நீர் வடிந்தபின் முள்வேலிகளிலும் கரும்புக் கொல்லைகளின் ஓரத்திலும் பிளாஸ்டிக் பாட்டில்கள் ஒதுங்கிக் கிடந்தன. தென்கரையிலிருந்து வந்தவை, வடகரையில் குடித்தவை, மேல்நாட்டிலிருந்து அடித்துவரப்பட்டவை என்று பிரித்தறிய வழியில்லை. பெயர்ச்சீட்டுகள் பலவற்றில் உரிந்துபோயிருந்தன. முன்பு சொன்ன பெட்டிக்கடையின் பின்புறம் கண்ணாடிப் பாட்டில் வந்த பழைய மரப்பெட்டி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இருபத்துநான்கு அறைகளுள் சில உடைந்துவிட்டன. கடைக்காரர் அதன்மேல் ஈரமான அரிசி மூட்டையை ஏற்றி உலரவைத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குக் கட்டிய முன்பணம் திரும்பி வந்ததா என்று கேட்டபோது, ‘எந்தக் காலத்துக் காசு அது’ என்றார்.